ரேவதிக்கு அப்புறம் அசுவினி

வாங்க, உக்காருங்க. ஜன்னலோரம் நீங்களே எடுத்துக்குங்க, எனக்கு வெயில் ஆகாது. அந்தப் பையை மட்டும் மிதிச்சுடாதீங்க, உள்ள லேப்டாப் இருக்குது, ஆபீஸ் சொத்து. எது வரைக்கும் போறீங்க? கரூருங்களா? நல்லதாப் போச்சு. நான் வெள்ளக்கோயில்ல இறங்கிக்குவேன். மச்சான் வீடு அங்கதான். எங்கூட்டுக்காரி போன வாரமே அங்க போயிட்டா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஊர்ல நோம்பி, கோயில் விசேஷம், அதுக்குப் போயிருக்கறா. கூட்டிட்டு வரலாம்னு போறேன்.

வேலைங்களா? என்ற பேரு சென்னியப்பனுங்க. காந்திபுரத்துல ஒரு திருமணத் தகவல் மையத்துல இருக்கறேன். புரோக்கர் இல்லீங்க! எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. நான் கம்ப்யூட்டர் ஆளு. டேட்டாபேஸ். பொண்ணுங்க ஜாதகம், பசங்க ஜாதகம், போட்டோ, படிப்பு, எதிர்பார்ப்பு எல்லாத்தையும் அடுக்கி வச்சு, யாருக்கு யாரு பொருத்தம்னு எடுத்துக் குடுக்கறது என்ற வேலை. ஜாதகம் பாப்பீங்களான்னு கேக்கறீங்க. நான் பாக்க மாட்டேன். நான் எழுதி வச்சது பாக்கும்.

அதுக்குப் பேரு ஸ்டோர்டு ப்ரொசீஜர். பயப்படாதீங்க, பேருதான் அப்படி. வீட்டுல "ரசம் வை"ன்னு ஒரு வார்த்தை சொல்றோம். புளி எவ்வளவு, மிளகு எவ்வளவுன்னு நாம சொல்றமா? வைக்கறவங்களுக்குத் தெரியும். அந்த மாதிரிதான். கணக்கை டேட்டாபேஸுக்கு உள்ளயே எழுதி வச்சுட்டோம்னா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும், அதுவே போட்டு விடையைக் குடுத்துடும். பத்துப் பொருத்தமும் நான் எழுதுனது. ஒத்தை ஆளா எழுதுனேன். பன்னிரண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அது எரர்னு சொன்னதில்லீங்க. எங்க முதலாளி நாச்சிமுத்து ஐயா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமையடிப்பாரு. "நம்ம சென்னியப்பன் எழுதுனது முக்காது, முனகாது"ம்பாரு.

எங்கூட்டுக்காரியும் அப்படித்தான். சுகந்தின்னு பேரு. முக்கவும் மாட்டா, முனகவும் மாட்டா. எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு வந்ததே கிடையாது. பக்கத்து வீட்டுல தட்டு பறக்கும், டம்ளர் பறக்கும், நான் பேப்பர் படிச்சுட்டு இருப்பேன். காரணம் என்னங்கறீங்க? பொருத்தம்! என்ற ப்ரொசீஜர் எடுத்துக் குடுத்த பொருத்தம். இதை நான் அவகிட்ட வாரம் ஒரு தடவையாவது சொல்லாம இருந்ததில்லை. "பாத்தியா சுகந்தி, மெஷின் எடுத்த ஜோடின்னா இப்படித்தான் இருக்கும்"னு. அவ சிரிச்சுக்குவா. சிரிச்சாளா, சும்மா இருந்தாளா... சிரிச்சான்னுதான் நினைக்கறேன்.

அது எப்படி ஆச்சுன்னா, ப்ரொசீஜரை எழுதி முடிச்சதும் யார் ஜாதகத்தையாவது போட்டு ஓட்டிப் பாக்கணும்ல? எனக்கும் அப்பப் பொண்ணு பாத்துட்டு இருந்தாங்க. எங்கம்மா அவங்க அண்ணன் மகளைக் கட்டச் சொல்லி ஒத்தைக்கால்ல நின்னாங்க. நான் என்ற ஜாதகத்தையே போட்டு ஓட்டுனேன். சுகந்தி பேரு வந்துச்சு. அம்மாவைக் கூட்டியாந்து ஸ்கிரீன்ல காட்டுனேன். "மெஷினே சொல்லீருச்சும்மா, இனி நான் என்ன பண்ண முடியும்?"னேன். அம்மாவுக்கு மெஷின்னா பயம், ஒத்துக்கிட்டாங்க. எங்க கல்யாண போட்டோ இன்னிக்கும் மையத்துல நுழைஞ்சதும் எதிர்ச் சுவத்துல மாட்டியிருக்கும். "எங்கள் முதல் ஜோடி"ன்னு கீழ தங்க எழுத்துல போட்டிருக்கும்.

இதெல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. சர்வர் வாடகைக்குக் குடுக்கறவங்க கெடுத்தாங்க. "டேட்டாபேஸோட பழைய வெர்ஷனை நிறுத்தப் போறோம், புது வெர்ஷனுக்கு மாறிக்குங்க"ன்னு சொல்லீட்டாங்க. எதுக்குங்க மாறணும்? ஓடறதை ஓட விட வேண்டியதுதானே? ஆனா அவங்க சொன்னா சொன்னதுதான். ஒரு திங்கக்கிழமை மாத்துனோம். டேட்டா பூராவும் பத்திரமா வந்து சேந்துச்சு. ஒரு போட்டோ காணாமப் போகலை. நானும் ஜெனிஃபரும் டீ குடிச்சோம்.

ஜெனிஃபர் யாருன்னா, எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த பொண்ணு. திண்டுக்கல் பக்கம். நல்ல புள்ள, ஆனா ஒரு கெட்ட பழக்கம். எரர் வந்தா முழுசாப் படிக்கும். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எரர் வந்தா நான் முதல்ல மூடிடுவேன். மறுபடி ஓட்டுவேன். மறுபடி வந்தா மறுபடி மூடுவேன். எத்தனையோ எரர் அப்படித் தானாப் போயிருக்குதுங்க.

டீயைக் குடிச்சுட்டு வந்து முதல் ப்ரொசீஜரை ஓட்டுனா, எரர். மூடுனேன். மறுபடி எரர். சர்வர்க்காரங்களுக்குப் போனைப் போட்டு நல்லாக் கத்துனேன். ஜெனிஃபர் பக்கத்துல வந்து, "சார், மூடாதீங்க சார், என்ன சொல்லுதுன்னு கேப்போம்"ங்குது. பாத்தா, நான் டேட்டாபேஸ்ல ஒரு கட்டத்துக்கு ரேங்க்னு பேரு வச்சிருந்தேன். புது வெர்ஷன் அந்த வார்த்தையைத் தனக்குன்னு எடுத்து வச்சுக்கிச்சாம், மத்தவங்க யாரும் வைக்கக் கூடாதாம். பன்னிரண்டு வருஷமா நான் வச்ச பேரு! அநியாயமா இல்லீங்களா? சரி போகுதுன்னு பேரை மாத்துனோம். ஓடுச்சு.

ஓடுச்சுன்னா, பாதி ஓடுச்சு. சில ஜோடிக்குப் பொருத்தம் சொல்லுது. சில ஜோடிக்கு நட்டநடுவுல நின்னு எரர்ங்குது. அதுவும் எப்படிங்கறீங்க? சூலூர்ப் பொண்ணுக்கு வந்தா பல்லடத்துப் பொண்ணுக்கு வராது. ஒரே பையன், ரெண்டு பொண்ணு, ஒண்ணுக்கு ஓடுது, ஒண்ணுக்கு ஓட மாட்டேங்குது. எனக்குத் தலையே சுத்தீருச்சு. அந்த ஞாயித்துக்கிழமை திருப்பூர்ல மண்டபம் புடிச்சிருந்தோம். வரன் பாக்கற விழா. பெத்தவங்க புள்ளைங்களோட வருவாங்க, மேடையில பேரைச் சொன்னா நாங்க அங்கயே பொருத்தம் எடுத்துக் குடுக்கணும். ஐயா மணிக்கு ஒரு தடவை என்ற சேருக்குப் பின்னால வந்து நின்னு பெருமூச்சு விட்டுட்டுப் போனாரு.

இப்ப உங்களுக்கு தினப் பொருத்தம் தெரியுமுங்களா? தெரியாட்டியும் பரவால்லை, சுலபம். பொண்ணு நட்சத்திரத்துல இருந்து பையன் நட்சத்திரம் வரைக்கும் எண்ணணும். வர்றதை ஒன்பதால வகுக்கணும். மீதி ரெட்டைப்படையா வந்தா, இல்லை மீதியே இல்லைன்னா, தினம் உண்டு. ஒத்தைப்படை மீதின்னா இல்லை. எங்க மையத்துல இதுதான் வாசக்கதவு. தினம் இல்லைன்னா மீதி ஒன்பதையும் பாக்கவே மாட்டோம், அந்தப் பேரையே லிஸ்டுல காட்டாது. இது ஐயா வச்ச சட்டம்.

இந்தக் கணக்கைத்தான் நான் ப்ரொசீஜரா எழுதியிருந்தேன். அசுவினி ஒண்ணு, பரணி ரெண்டு, அப்படியே போய் ரேவதி இருபத்தேழு. பையன் நம்பர்ல பொண்ணு நம்பரைக் கழி, ஒண்ணைக் கூட்டு. முடிஞ்சுது. அழகா இல்லீங்களா? ஒரே வரி.

ஜெனிஃபர் கிறிஸ்தவப் பொண்ணு, நட்சத்திரம் கிட்சத்திரம் ஒண்ணும் தெரியாது. சுவத்துல ஒட்டியிருந்த வரிசையைப் பாத்துட்டே நின்னுச்சு. அப்புறம் கேக்குது, "சார், ரேவதிக்கு அப்புறம் என்ன சார் வரும்?"

"ஒண்ணும் வராது. இருபத்தேழோட முடிஞ்சுது"ன்னேன்.

"அப்ப ரேவதிப் பொண்ணு எங்க சார் எண்ணும்? அதுக்கு மாப்பிள்ளையே கிடையாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "ரேவதிக்கு அப்புறம் மறுபடி அசுவினிம்மா. சுத்தி வரணும்"னு சொன்னேன். சொல்லீட்டு அப்படியே உக்காந்துட்டேன். என்ற ப்ரொசீஜர் சுத்தி வரலை பாருங்க.

தப்புன்னு சொல்ல மாட்டேன். அது ஒரு விதமான கணக்கு. பையன் நட்சத்திரம் பொண்ணு நட்சத்திரத்துக்கு முன்னால இருந்தா, கழிக்கறப்ப மைனஸ் வரும். நட்சத்திரத்துல ஏதுங்க மைனஸ்? அதனால விடையை எழுதற கட்டத்துல மைனஸுக்கு நான் இடமே வைக்கலை. பழைய வெர்ஷன் ரொம்ப மரியாதை தெரிஞ்சது. மைனஸ் வந்தா, ஊரைக் கூட்டாது, சத்தமில்லாமப் பூஜ்யம்னு எழுதிக்கிட்டு மேல போயிடும். பூஜ்யத்தை ஒன்பதால வகுத்தா மீதி இல்லை. மீதி இல்லைன்னா தினம் உண்டு! புது வெர்ஷன் இருக்குதே, அது கறார்ப் பேர்வழி. மைனஸைப் பாத்ததும் அங்கயே நின்னு, "இந்தக் கட்டத்துல இது அடங்காது"ன்னு கையை விரிச்சுருது.

அப்பத்தான் எனக்கு இன்னொண்ணும் புரிஞ்சுது. எங்க மையத்துல ரேவதிப் பொண்ணுங்களுக்குப் பட்டுப் பட்டுன்னு முடிஞ்சுரும். ஐயாகூட, "ரேவதி நம்ம மையத்துக்கு ராசி"ம்பாரு. ராசியாவது! ரேவதி கடைசி நம்பரு. ரேவதிப் பையனைத் தவிர எந்தப் பையனைப் போட்டாலும் மைனஸ், மைனஸ்னா பூஜ்யம், பூஜ்யம்னா பொருத்தம். ஊர்ல இருக்கற அத்தனை பையனும் பொருத்தம். அதே மாதிரி அசுவினிப் பையன் முதல் நம்பரு. அவனுக்கு அசுவினிப் பொண்ணைத் தவிர அத்தனை பொண்ணும் பொருத்தம்.

நான் அசுவினிங்க.

ஆமா. சிரிக்காதீங்க. அன்னிக்கு என்ற ஜாதகத்தைப் போட்டப்ப லிஸ்டு வந்துச்சு பாருங்க, உருட்டி மாளாது. ஏறக்குறைய எல்லாப் பொண்ணும் இருந்தாங்க. நான் அதை என்ற ஜாதகத்தோட யோகம்னு நினைச்சேன்.

ஐயாகிட்ட போய்ச் சொன்னோம். அவரு தறி ஓட்டி முன்னுக்கு வந்தவரு, கம்ப்யூட்டர் தெரியாட்டியும் விஷயம் புரியும். "பழசு மாதிரியே இதையும் அமைதியா இருக்கச் சொல்ல முடியாதாம்மா?"ன்னாரு.

"முடியும் சார், ஒரே வரி மாத்துனாப் போதும். சத்தம் வராது. ஆனா தப்பாச் சொல்லும்"னுச்சு ஜெனிஃபர்.

ஐயா கொஞ்ச நேரம் தாடையைத் தடவுனாரு. "நான் மைக்கைப் புடிச்சுட்டு நிக்கறப்ப பெத்தவங்க என் வாயையே பாத்துட்டு நிப்பாங்க. சத்தம் வந்தாலும் பரவால்லை, சரியாப் போடுங்க"ன்னாரு.

"அப்ப பழைய கல்யாணமெல்லாம் சார்? எத்தனை ஜோடின்னு எண்ணிப் பாக்கட்டுங்களா?"

"அம்மா தாயே! அதை மட்டும் எண்ணிப்புடாதே. எல்லாரும் புள்ளை குட்டியோட இருக்கறாங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அப்படியே திரும்புனவரு கண்ணு எதிர்ச் சுவத்துல போய் நின்னுச்சு. "சென்னியப்பா, நீ என்ன நட்சத்திரம்?"

"அசுவினிங்க."

"உன் சம்சாரம்?"

"ரோகிணிங்க."

அவரு விரல்ல எண்ண ஆரம்பிச்சாரு. பாதியில நிறுத்திட்டு, "வேண்டாம், போய் வேலையைப் பாரு"ன்னுட்டாரு.

வேலையைப் பாத்தோம். மைனஸ் வந்தா இருபத்தேழைக் கூட்டு, ரேவதிக்கு அப்புறம் அசுவினிக்குச் சுத்தி வா. ஒரு வரி சேத்தோம், எரர் நின்னுச்சு. திருப்பூர் விழா ஜாம்ஜாம்னு நடந்துச்சு. அதெல்லாம் விடுங்க. எல்லாரும் சாப்பிடப் போனப்ப நான் மட்டும் உக்காந்து என்ற ஜாதகத்தைப் போட்டு ஓட்டுனேன். ரோகிணியில இருந்து சுத்தி வந்து அசுவினி வரைக்கும் எண்ணுனா இருபத்தஞ்சு. ஒன்பதால வகுத்தா மீதி ஏழு. ஒத்தைப்படை. லிஸ்டை மேல இருந்து கீழ வரைக்கும் உருட்டுனேன். சுகந்தி பேரு இல்லை. மறுபடி உருட்டுனேன். இல்லை. லேப்டாப்பை மூடிட்டேனுங்க. கணக்குத் தப்பாப் போனதுக்கு இல்லை. இந்த ஒரு வரியை நான் அன்னிக்கே எழுதியிருந்தா, அவ பேரு என் கண்ணுலயே பட்டிருக்காது பாருங்க. அவ பாட்டுக்கு எங்கயோ இருந்திருப்பா, நான் பாட்டுக்கு எங்கயோ இருந்திருப்பேன்.

காங்கேயம் வந்துருச்சா? வெள்ளரிக்காய் வாங்கட்டுங்களா? பரவால்லை, எடுத்துக்குங்க, உப்பு மிளகாய்த்தூள் போட்டது.

வீட்டுக்குப் போய் நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா பாருங்க, பொருத்தம் இல்லைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் எல்லாமே கண்ணுல பட ஆரம்பிச்சுருச்சு. காப்பியில சக்கரை கம்மி. நான் ஃபேனைப் போட்டா அவ அமத்தறா. நியூஸ் பாக்கறப்ப வந்து துணி மடிக்கறா. ஒவ்வொண்ணுக்கும் நான், "ம், அதானே"ங்கறேன். ரெண்டு மூணு நாள் பொறுத்துப் பாத்துட்டு, காலைல இட்லி வைக்கறப்ப அவளே கேட்டா. "என்னங்க அதானே? எதுக்கெடுத்தாலும் அதானேங்கறீங்க?"

சட்னியில உப்பு தூக்கலா இருந்துச்சு. வாய் சும்மா இருக்குதுங்களா? "ஒண்ணுமில்லை, நமக்கு தினப் பொருத்தம் இல்லை, அதான் காரணம்"னுட்டேன்.

அவ எதிர்ல உக்காந்துட்டா. "வெவரமாச் சொல்லுங்க"ன்னா. நான் தட்டுல இட்லித் துண்டை வரிசையா வச்சு, அசுவினி, பரணின்னு அருமையா விளக்குனேன். மைனஸ், பூஜ்யம், பழைய வெர்ஷன், புது வெர்ஷன், எல்லாம். அவ்வளவு தெளிவா நான் ஜெனிஃபருக்கே சொன்னதில்லை.

"அப்ப உங்க கணக்குத் தப்பு"ன்னா.

"கணக்குத் தப்பில்லை. பழைய வெர்ஷன் அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுது பாரு, அது தப்பு."

"அது பாவமுங்க. சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு பூஜ்யம்னு போட்டுக்கிச்சு. நானும் அப்படித்தானே போட்டுக்கிட்டேன்."

"நீ எங்க போட்டே?"

"மில்லுல கணக்கு எழுதிட்டு இருந்தேன், கல்யாணம் முடிஞ்சதும் வேண்டாம்னீங்க. பூஜ்யம். உங்கம்மா பந்தியில வச்சு என் சமையலைக் கழுவி ஊத்துனாங்க, நீங்க குனிஞ்சு மோர்ச்சோத்தைப் பிசைஞ்சுட்டு இருந்தீங்க. பூஜ்யம். தட்டு பறக்காத வீடு, தட்டு பறக்காத வீடுன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லுவீங்க. தட்டு என் கையிலதானுங்க இருந்துச்சு."

அவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லீங்க. நான் இட்லியையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டா. குரலே வேற மாதிரி இருந்துச்சு. "அசுவினிக்கு எல்லாப் பொண்ணும் வந்தாங்கன்னா, மெஷின் என்னைய எடுக்கலை. நீங்கதான் எடுத்தீங்க. அத்தனை பேர்ல ஏனுங்க என்னைய எடுத்தீங்க?"

"நீதான் லிஸ்டுல முதல்ல இருந்தே. மேல இருந்ததை எடுத்தேன்"னேன்.

நான் என்ன தப்பாச் சொல்லீட்டேன்? தட்டைக் கழுவி வச்சா. என் சட்டையெல்லாம் தேய்ச்சு மடிச்சு வச்சா. மறுநாள் காலைல, "அண்ணன் வீட்டுக்குப் போறேன்"னா. போயிட்டா. நோம்பிக்கு.

என்னங்க? வெள்ளக்கோயில்ல இப்ப நோம்பி இல்லையா? உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓ, உங்க சம்பந்தி வீடு அங்கயா. சரி. நோம்பி இல்லை. வச்சுக்குங்க. நோம்பி இல்லாட்டி அண்ணன் வீட்டுக்குப் போகக் கூடாதுங்களா?

என்னது? ...நெஜமாவே முதல்ல இருந்தாளான்னா கேக்கறீங்க?

எங்கங்க! அந்த லிஸ்டு பதிவு நம்பர் வரிசையில வரும். அவளோடது ரொம்ப லேட்டாப் பதிஞ்சது. போட்டோவுல இருந்த மை கறையைப் பாத்துத்தான் நின்னேன். மத்த பொண்ணுங்க போட்டோ எல்லாம் ஸ்டுடியோவுல எடுத்தது, பின்னால திரை, பக்கத்துல பூந்தொட்டி, எல்லாரும் நேராப் பாத்துட்டு. இவளோடது மில்லுல யாரோ கும்பலா எடுத்த போட்டோவுல இருந்து வெட்டுனது. பக்கத்துல இருந்தவங்க தோள்பட்டைகூடத் தெரிஞ்சுது. வலது கை விரல்ல மை. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா, அதனாலதான் விரலு தெரிஞ்சுது. நேராப் பாக்கலை, பக்கத்துல யாரையோ பாத்துச் சிரிக்கறா. யாரைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. டீ வந்துச்சு, ஆடை கட்டிப் போச்சு, நான் அந்தப் போட்டோவை விட்டு நகரலை. அடுத்த நாளும் வந்து முதல் வேலையா அதைத்தான் திறந்து பாத்தேன். அந்தச் சிரிப்பை யாராவது என்னைப் பாத்துச் சிரிச்சா எப்படி இருக்கும்னு தோணுச்சு. அப்புறம்தான் அம்மாவைக் கூட்டியாந்து மெஷின் சொல்லீருச்சுன்னேன்.

இதை அவகிட்டச் சொன்னீங்களாவா? இதையெல்லாம் எதுக்குங்க சொல்றது? சின்னப் பசங்களா நாம? நான் பேச்சுல நம்பிக்கை இல்லாத ஆளு, செஞ்சே காட்டிட்டேன். என்ன செஞ்சேன்னு கேளுங்க. நேத்து ஆபீஸ்ல உக்காந்து ப்ரொசீஜர்ல ஒரு வரி சேத்தேன். பையன் நான், பொண்ணு சுகந்தின்னா, கணக்கே போடாதே, வாசக்கதவைத் திற, அவ பேரை லிஸ்டுல முதல் ஆளாக் காட்டு. ஊர் உலகத்துல எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு! ஜெனிஃபர் பாத்துட்டு, "சார், இதெல்லாம் ஓடற சர்வர்ல போடக் கூடாது சார்"னுச்சு. அப்புறம் என்ற மூஞ்சியைப் பாத்துட்டு, "சரி, நான் பாக்கலை"ன்னு திரும்பிக்கிச்சு. அதைக் காட்டத்தான் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போறேன். முதல்ல இருந்தேன்னு சொன்னேன்ல? இப்ப நெஜமாவே முதல்ல இருக்கறா.

இருங்க, போன் வருது. அவதான்.

சொல்லு சுகந்தி. ...ம், பஸ்லதான். காங்கேயம் தாண்டியாச்சு. ...இல்லை, சாப்பிடலை, வெள்ளரிக்காய் தின்னேன். ...ஆமா, லேப்டாப் எடுத்துட்டு வர்றேன். யாரு சொன்னா? ஜெனிஃபரா? அந்தப் புள்ளைக்கு வாயே அடங்காது. ...ஆமா. உன் பேரு வருது. முதல்ல வருது. நீயே வந்து பாரு. ...என்னது? ...ம். ...ம். ...இல்லை, அதைப் பாக்கலை. ...சரி. ...சரி, வர்றேன்.

வச்சுட்டா.

ஒரு கேள்வி கேட்டா. "உங்க லிஸ்டுல என் பேரு வர்ற மாதிரி பண்ணீட்டீங்க. என் லிஸ்டுல உங்க பேரு வருதான்னு பாத்தீங்களா?"ன்னா. பொண்ணு வீட்டுக்காரங்க தேடறதுக்கு வேற ப்ரொசீஜருங்க, அது தனி. அதை நான் தொடவே இல்லை. தோணவே இல்லீங்க எனக்கு. பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட அவ பக்கத்துல இருந்து ஓட்டிப் பாத்ததில்லை. திறந்து அதுலயும் ஒரு வரி சேத்தா ஆச்சு, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அவ அதையும் சொல்லீட்டா. "என் லிஸ்டுல நீங்க கை வைக்காதீங்க, நேர்ல வந்து கேளுங்க. எரர் வந்தா பாதியில மூடாம முழுசாக் கேளுங்க"ங்கறா. மில்லுல மறுபடி கூப்பிடறாங்களாம், அதைப் பத்தியும் பேசணுமாம். ஜெனிஃபரோட சேந்துட்டா போலிருக்குது.

வெள்ளக்கோயில் வந்துருச்சே. பையைக் கொஞ்சம் எடுங்க. ஸ்டாண்டுக்கே வந்து நிக்கறா பாருங்க, அந்தப் பச்சைச் சேலை, கையில குடை. சிரிக்கறாளா மொறைக்கறாளா? இங்கிருந்து எனக்குச் சரியாத் தெரியலை, உங்களுக்குத் தெரியுதுங்களா? ரெண்டும் இல்லையா? ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாக்கறாளா?

கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க, ஆள் இறங்கணும்! ஏங்க, ஏங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் போட்டோ சமாச்சாரத்தை இப்ப உங்ககிட்ட எதுல இருந்து ஆரம்பிச்சேன்? மை கறையில இருந்தா, சிரிப்புல இருந்தா? அதே மாதிரி சொல்லணுங்க.